அழைப்புப் பட்டியல் போடுகிறவர்களுக்கு, பூச்சோங்கிலிருந்து

பூச்சோங்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களிலும் அழைப்பு டார்ட்ஸ் போட்டி நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கும், பரிசுப் பணம் தந்து அவற்றைத் தாங்கும் ஆதரவாளர்களுக்கும்,



அடுத்த போட்டிக்குப் பெயர்களை எழுத உட்காரும் முன் இந்த மடலைப் படியுங்கள். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பதினாறு பேரை அழைக்கிறீர்கள் என்றால், அதில் நான்கு இடங்களைத் திறந்த தகுதிச்சுற்றுக்கு விடுங்கள். அந்தத் தகுதிச்சுற்றை மதுக்கூடத்துக்கு வெளியே, பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் தயங்காமல் வந்து நிற்கக்கூடிய இடத்தில் நடத்துங்கள். மீதிப் பன்னிரண்டு பேரை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைப் பட்டியலோடு சேர்த்தே அறிவியுங்கள்.

உங்களோடு சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. பூச்சோங்கில் இந்த ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் நீங்கள். ரப்பர்த் தோட்டமும் ஈயக் குட்டைகளுமாக இருந்த ஊர் இது. 1999-இல் டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை திறந்தது. 2016-இல் எல்ஆர்டி பாதை புத்ரா ஹைட்ஸ் வரை நீண்டது. இடைப்பட்ட காலத்தில் பண்டார் பூச்சோங் ஜெயாவிலும் பண்டார் புத்ரியிலும் கடைவரிசைகள் முளைத்தன. அந்தக் கடைகளில் டார்ட்ஸ் இயந்திரங்களை இறக்கி, சங்கிலி போலக் கடைக்குக் கடை குழு சேர்த்து, வார நாளில்கூட ஆட ஆள் வரும்படி செய்தது உங்கள் உழைப்பு. வாடகை ஏறிய காலத்திலும் இயந்திரத்தை விற்காமல் வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். உங்கள் போட்டிகளில் நான் ஆடியிருக்கிறேன். எண் எழுதும் வேலையும் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

அழைப்புப் போட்டி என்ற வடிவத்தின் மேல் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. நல்ல ஆட்டக்காரர்களை ஒரே இரவில் ஒரே மேடையில் பார்க்க வேண்டுமானால் அழைத்துத்தான் ஆக வேண்டும். முந்நூறு பேர் பதிவு செய்த போட்டியில் அரையிறுதி வரும்போது விடியற்காலை ஆகிவிடும். பார்வையாளர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். என் கவலையெல்லாம் அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்பதுதான்.

நம் பக்கத்தில் அது பெரும்பாலும் இயந்திரத்திலிருந்து உருவாகிறது. சோஃப்ட் டிப், அதாவது பிளாஸ்டிக் முனை அம்பை இயந்திரத்தில் எறியும் ஆட்டம், ஆடுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். ஆதரவாளர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இயந்திரத்தில் அட்டையைத் தொட்டுவிட்டு ஆடினால் ஒவ்வோர் எறிதலும் உங்கள் கணக்கில் ஏறும். 501-இல் சராசரியாக எவ்வளவு எடுக்கிறீர்கள், கிரிக்கெட் என்ற டார்ட்ஸ் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு எத்தனை குறி விழுகிறது என்று அது கணித்து ஒரு தர எண்ணைத் தரும். டார்ட்ஸ்லைவ் இயந்திரத்தில் அந்த எண் 18 வரை போகும். அதற்கேற்ப சி-யில் தொடங்கி பி, ஏ என்று மேலே ஏறும் வகுப்புகள் உண்டு. உலகத்தின் எந்த மூலையில் ஆடினாலும் அதே அட்டை, அதே கணக்கு. நல்ல ஏற்பாடு, நானே மெச்சுகிறேன். ஆனால் அந்த எண் ஏறுவதற்கு இயந்திரத்தில் ஆட வேண்டும். ஆடுவதற்கு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வெள்ளி போட வேண்டும். இயந்திரம் இருக்கும் இடம் பெரும்பாலும் மதுக்கூடம்; போய் உட்கார்ந்தால் எதையாவது வாங்கிக் குடிக்காமல் இருக்க முடியாது. ஆக, தர எண்ணைப் பார்த்து அழைக்கும்போது திறமையை மட்டும் நீங்கள் பார்க்கவில்லை. வாரத்தில் மூன்று இரவு மதுக்கூடத்தில் செலவழிக்க முடிந்தவர்களுக்குள் யார் திறமைசாலி என்று பார்க்கிறீர்கள்.

இந்த வட்டத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் 2017 டிசம்பர் முதல் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. எனவே படிவம் ஐந்து படிக்கும் பையனை, முறையாக நடத்தும் எந்தக் கடைக்காரரும் உள்ளே நிற்க விடமாட்டார், விடவும் கூடாது. மதுக்கூடத்துக்குள் காலெடுத்து வைக்காத முஸ்லிம் நண்பர்கள் இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் அங்கே போனால் வீட்டில் பேச்சு வாங்கும் நம் பெண்கள் இருக்கிறார்கள். இரவு வேலை முடிந்து காலையில் திரும்பும் தொழிற்சாலை ஆட்கள் இருக்கிறார்கள். இவர்களில் பலர் வீட்டில் ஸ்டீல் டிப், அதாவது எஃகு முனை அம்புக்கான, போர்டு மாட்டி எறிகிறவர்கள். அவர்களுடைய எறிதலை எந்த இயந்திரமும் எண்ணுவதில்லை.

அப்படிப்பட்ட ஒரு பையனை எங்கள் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் பார்த்தேன். மூன்றாவது மாடி நடைபாதையின் கடைசியில், படிக்கட்டுச் சுவரில் போர்டு தொங்குகிறது. நடு மையமான புல் தரையிலிருந்து 1.73 மீட்டர், நிற்கும் கோடு போர்டின் முகத்திலிருந்து 2.37 மீட்டர், இரண்டையும் அளவு நாடா வைத்துச் சரியாக அளந்து, சிமெண்டுத் தரையில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறான். பக்கத்து வீட்டு அக்கா சந்தைப் பையோடு வந்தால் அம்பைக் கீழே இறக்கி வழிவிடுகிறான். அவர் கதவைச் சாத்திய பிறகு மறுபடி கோட்டில் வந்து நிற்கிறான். அன்றைக்கு 501-இலிருந்து கழித்துக்கொண்டே வந்ததில் அவனுக்கு மிச்சம் 32. இந்த ஆட்டத்தில் கடைசி அம்பு டபுள் வளையத்தில் விழ வேண்டும். அந்த வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர். 32-ஐ ஆட்டக்காரர்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. டபுள் 16-ஐக் குறிவைத்து உள்பக்கம் தவறினால் 16 மிஞ்சும்; டபுள் 8 கேட்கலாம். அதிலும் உள்ளே விழுந்தால் 8. டபுள் 4 இருக்கிறது. தவறினாலும் அடுத்த அம்புக்கு வழி இருக்கும். அவன் முதல் அம்பை உள்ளே விட்டான். முகத்தில் எதுவும் மாறவில்லை. பாதம் நகரவில்லை, மூச்சு மாறவில்லை. இரண்டாவது அம்பு டபுள் 8-இல் போய்ச் செருகியது. சுவரில் தொங்கிய பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எண்ணை அடித்துவிட்டு, அடுத்த 501-ஐ எழுதினான். அந்தப் பையனுக்குத் தர எண் கிடையாது. உங்கள் பட்டியல் எந்தக் காலத்திலும் அவனைத் தேடிப் போகாது.

போன முறை நடந்த ஓர் அழைப்புப் போட்டியில், பெயர்கள் வந்த பிறகு நான் ஏற்பாட்டாளர் ஒருவரிடம் மரியாதையாகக் கேட்டேன்: இந்தப் பெயர்களை எப்படி எடுத்தீர்கள்? “எல்லாம் பார்த்துத்தான் போட்டோம், அண்ணே” என்றார். நல்ல மனிதர், பொய் சொல்கிறவர் இல்லை. எதைப் பார்த்தார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. பழகிய முகங்கள், தன் கடையில் ஆடுகிறவர்கள், நண்பர் சொன்ன பெயர், முன்பு வந்து கூட்டம் சேர்த்தவர் என்று பட்டியல் தானாகத் திரண்டுவிடுகிறது. அதில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை; கேட்பவர்களுக்குப் பதில்தான் இல்லாமல் போகிறது.

உலகத்தின் பெரிய மேடைகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. 2005-இல் தொடங்கிய பிரிமியர் லீக் டார்ட்ஸ் ஓர் அழைப்புப் போட்டி. இப்போது எட்டுப் பேர் ஆடுகிறார்கள். உலகத் தரவரிசையின் முதல் நால்வருக்கு இடம் தானாகக் கிடைக்கும், எஞ்சிய நால்வரை நிர்வாகம் தேர்ந்தெடுக்கும். ஆண்டுதோறும் அந்தப் பின்பாதியைப் பற்றித்தான் வாக்குவாதம் நடக்கும். முன்பாதியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் அதன் விதி ஊரறிந்தது.

அதே லீக்கில் 2019-இல் நடந்த ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் கேரி ஆண்டர்சன் முதுகு வலியால் கடைசி நேரத்தில் விலகினார். அவருக்குப் பதில் ஒரே ஆளை நிரந்தரமாக எடுக்காமல், ஒன்பது பேரை இரவுக்கு ஒருவராக அழைத்தார்கள். முடிந்தவரை அந்தந்த ஊர் மண்ணின் ஆளாகப் பார்த்தார்கள்: டப்ளினில் அயர்லாந்தின் ஸ்டீவ் லெனன், அபர்டீனில் ஸ்காட்லாந்தின் ஜான் ஹெண்டர்சன், பெர்லினில் ஜெர்மனியின் மாக்ஸ் ஹாப். தன் ஊர்க்காரர் மேடையேறும்போது அரங்கம் எழுப்பும் ஓசையை ஆதரவாளர்கள் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். அந்த ஒன்பது பேரில் லூக் ஹம்ப்ரீஸ் என்ற இளைஞரும் இருந்தார். 2024 ஜனவரியில் அவர் உலகச் சாம்பியன்.

அந்த 2024 இறுதியாட்டத்தில் அவரை எதிர்த்து நின்றவரை உங்களுக்குத் தெரியும். லூக் லிட்லருக்கு அப்போது 16 வயது. தரவரிசையில் 164-ஆம் இடத்தில் இருந்தவர், இளையோர் ஆட்டங்களின் வழியே உலகப் போட்டிக்குள் வந்தார். செயிண்ட் ஹெலன்ஸ் ஊரில் பிள்ளைகளுக்கென்றே நடக்கும் டார்ட்ஸ் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தவர். அந்த வயதில் அவருடைய நாட்டுச் சட்டப்படி ஒரு குவளை பீர்கூட வாங்க முடியாது. இறுதியில் தோற்றாலும், அதே மாதம் பஹ்ரைன் மாஸ்டர்ஸ் அழைப்புப் போட்டியில் ஒன்பது அம்பில் 501-ஐ முடித்துக் கோப்பையையும் வென்றார். பிரிமியர் லீக் அழைப்பு வந்தது, முதல் ஆண்டிலேயே அதையும் வென்றார். அடுத்த ஆண்டு 17 வயதில் உலகச் சாம்பியன். முதலில் இளையோருக்கென்று திறந்திருந்த ஒரு வழி. அழைப்புகள் பிறகுதான் வந்தன. நம் ஊரில் அந்த முதல் வழி மதுக்கூடத்தின் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

பெண்களின் கதையும் இதுவே. உலகச் சாம்பியன்ஷிப்பில் பெண்களுக்கென்று இரண்டு இடங்களைத் தகுதிச்சுற்று வழியே ஒதுக்கினார்கள். அப்படி வந்த ஃபாலன் ஷெரக், 2019 டிசம்பரில் லண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையில் டெட் எவெட்ஸை வென்றார். அந்தப் போட்டியில் ஒரு பெண் ஓர் ஆட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. அடுத்த சுற்றில் மென்சூர் சுல்யோவிச்சையும் வீழ்த்தினார். 2020 பிப்ரவரியில் நாட்டிங்ஹமில் பிரிமியர் லீக் மேடைக்கு அவரை ஓர் இரவு அழைத்தார்கள். கிளென் டரண்டுடன் 6–6 என்று சமன் செய்தார். அந்த ஆண்டு லீக்கை வென்றவரே டரண்ட்தான். பூச்சோங்கிலும் கிள்ளானிலும் நன்றாக எறியும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு மூலையில் காட்சி ஆட்டம் வைப்பதை நிறுத்திவிட்டு, தகுதிச்சுற்றில் எல்லோரோடும் எறியவிடுங்கள்.

உங்களில் சிலர் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும்: “தெரியாத ஆள் மேடையேறி முதல் சுற்றிலேயே மொத்தமாக அடி வாங்கினால் ஆட்டம் சப்பென்று போகும், ஆதரவாளருக்கு நாம் என்ன சொல்வது?” நியாயமான பயம்தான். ஆனால் தொழில்முறை டார்ட்ஸ் அமைப்பான பிடிசி நடத்தும் உலகத் தொடர் அந்தப் பயத்தோடுதான் வளர்ந்தது. 2013-இல் துபாய், 2014-இல் சிங்கப்பூர், பிறகு தோக்கியோ, சாங்காய் என்று போன அந்தத் தொடரின் பல போட்டிகளில் நட்சத்திரங்கள் எட்டுப் பேர், அந்த வட்டாரத்து ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர். வட்டாரத்துக்காரர்கள் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். அப்படியிருந்தும் பாதி இடத்தை அவர்களிடமிருந்து பிடுங்கவில்லை. தோற்றுக்கொண்டே வந்தவர்கள் ஒருநாள் என்ன செய்வார்கள் என்பதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ஒருவர் நம் பக்கத்து வீட்டுக்காரர், சிங்கப்பூரின் பால் லிம். சமையல்கலை படிக்க லண்டன் போன இடத்தில் இந்த ஆட்டத்தைக் கற்றார். 1990-இல் எம்பசி உலகப் போட்டியில் ஒன்பது அம்பில் 501-ஐ முடித்தார்; உலகச் சாம்பியன்ஷிப் வரலாற்றில் முதல் முறை. அதற்குக் கிடைத்த 52,000 பவுண்டு, அந்த ஆண்டு சாம்பியனான ஃபில் டெய்லரின் பரிசைவிட இரு மடங்குக்கும் மேல். 2017 பிடிசி உலகக் கோப்பையில் அவரும் ஹாரித் லிம்மும் சேர்ந்து, முதல் தரத்தில் இருந்த ஸ்காட்லாந்தின் கேரி ஆண்டர்சன், பீட்டர் ரைட் ஜோடியை வெளியே அனுப்பினார்கள். 2025 டிசம்பரில், 71 வயதில், உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜெஃப்ரி டி கிராஃபை வென்று, அந்த மேடையில் வென்றவர்களிலேயே மூத்தவர் ஆனார். நம் தலைமுறை ஆட்டக்காரர்கள் பலருக்கு, உலகின் இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் அங்கே போகலாம் என்று காட்டியவர் அவர்தான்.

இன்னொருவர் இந்தியாவின் நிதின் குமார். இந்தியாவுக்கென்று ஒதுக்கிய இடத்தின் வழியே 2019 உலகப் போட்டிக்குப் போனார். ஜெஃப்ரி டி ஸ்வானிடம் மூன்று செட்டையும் இழந்தார். மறுபடி போனார், மறுபடி தோற்றார். 2025 டிசம்பரில் நெதர்லாந்தின் ரிச்சர்ட் வீன்ஸ்ட்ராவை வென்றார். அந்த அரங்கில் ஓர் இந்தியர் பெற்ற முதல் வெற்றி அது. முதல் தோல்வியோடு அந்த இடத்தை எடுத்திருந்தால் இந்த நாள் வந்திருக்காது.

நம் நாட்டுக்கும் இது அந்நிய ஆட்டம் இல்லை. உலக டார்ட்ஸ் சம்மேளனத்தின் உலகக் கோப்பை 2001-இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. பிடிசி உலகக் கோப்பையில் மலேசியாவின் பெயரால் முகமட் லத்திப் சாபுப், தெங்கு ஹட்சாலி ஷா, டான் ஜென் மிங் போன்றவர்கள் ஆடியிருக்கிறார்கள். அந்த மேடைகளில் எறிவது ஸ்டீல் டிப். நம் கடைகளில் ஆடும் சோஃப்ட் டிப்பில் போர்டு சற்றுப் பெரிது, நிற்கும் கோடு 2.44 மீட்டர், பல ஆட்டங்களில் நடு மையத்தின் வெளிவட்டத்துக்கும் 50 கிடைக்கும். ஸ்டீல் டிப்பில் வெளிவட்டம் 25 தான். டபுளில்தான் முடிக்க வேண்டும். இயந்திரத்தில் 15-ஐத் தாண்டிய தர எண் வைத்திருப்பவர்கூடக் கம்பி வளையத்துக்கு முன்னால் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே தகுதிச்சுற்றை ஸ்டீல் டிப்பில் வையுங்கள் என்று கேட்கிறேன். வீட்டில் எறிகிறவர்களுக்கு அது நியாயம் செய்யும். உலக மேடைக்குப் போக நினைப்பவர்களுக்கும் அதுவே பயிற்சி.

செலவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். ஸ்டீல் டிப்புக்கு மின்சாரம் வேண்டாம், இணையம் வேண்டாம். சிசல் நாரில் செய்த போர்டு, தாங்கி, தலைக்கு மேல் ஒரு விளக்கு, எண் எழுத ஒரு வெள்ளைப் பலகை. ஒரு தாமான் பொதுமண்டபத்தில் எட்டுப் போர்டு மாட்டினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறுபத்து நான்கு பேர் எறிந்து மாலைக்குள் நால்வர் மிஞ்சிவிடுவார்கள். நுழைவுக் கட்டணத்தை ஒரு சாப்பாட்டு விலைக்கு மேல் வைக்காதீர்கள். மண்டபத்தில் மது வேண்டாம். மது விளம்பரமும் அன்று ஒரு நாள் வேண்டாம். பெற்றோர் பிள்ளைகளோடு வந்து உட்காரட்டும். டார்ட்ஸ் என்றாலே குடிகாரர் ஆட்டம் என்று நினைக்கும் அம்மா ஒருவர், தன் மகன் 170-ஐ மனத்துக்குள் கழித்து டிரிபிள் 20, டிரிபிள் 20, புல் என்று வழி சொல்வதைக் கேட்டால், அந்த நினைப்பை அவரே மாற்றிக்கொள்வார். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் நான் பேசியவரை, கழித்தல் கணக்குக்கு இதைவிடச் சுவையான பயிற்சி அவர்களுக்கும் தோன்றவில்லை.

மற்றப் பன்னிரண்டு இடங்களை உங்கள் விருப்பப்படியே நிரப்புங்கள். நட்சத்திரங்கள் வேண்டும், கூட்டம் சேர்ப்பவர்கள் வேண்டும். சிங்கப்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ யாரையாவது வரவழைத்தாலும் மகிழ்ச்சிதான். “தர எண் முதல் ஆறு, போன ஆண்டு அரையிறுதிக்காரர்கள் நால்வர், ஏற்பாட்டாளர் தேர்வு இரண்டு” என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். ‘ஏற்பாட்டாளர் தேர்வு’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அதைப் பற்றி யாரும் புறம் பேச மாட்டார்கள்.

வேலையை உங்கள் தலையில் மட்டும் கட்டவில்லை. இந்த மடலை எழுதும்போது பூச்சோங்கிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் ஸ்டீல் டிப் ஆடும் நண்பர்களிடம் பேசிவிட்டேன். எங்களிடம் நல்ல நிலையில் போர்டுகள் இருக்கின்றன, இரவல் தருகிறோம். எண் எழுத, எண்ணை உரக்கச் சொல்ல, மண்டபம் கூட்டிக் கழுவ ஆள் இருக்கிறோம். கோட்டை அளப்பதையும் உயரம் பார்ப்பதையும் முந்தின நாள் மாலையே முடித்துத் தருவோம். உங்களிடமிருந்து வேண்டியது மூன்றுதான்: நான்கு இடங்கள், ஒரு தேதி, அந்தத் தேதியைப் போட்டிக்கு ஆறு வாரத்துக்கு முன்பே அறிவிப்பது. அடுக்குமாடிகளிலும் பள்ளிகளிலும் தொழிற்சாலை விடுதிகளிலும் சுவரொட்டி ஒட்ட எங்களுக்கு அந்த ஆறு வாரம் வேண்டும். அடுத்த பட்டியல் அச்சுக்குப் போவதற்குள் உங்கள் பதில் வந்தால், அந்த வாரமே மண்டபத்துக்கு எழுதிக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
பூச்சோங் ஆட்டக்காரர் ஒருவர்